ஆள் இல்லையா, சம்பளம் இல்லையா?

பாசிக்குடாவில் ஹோட்டல் நடத்துகிறவர்களும் கொழும்பில் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் சில காலமாக ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள். வேலைக்கு ஆள் இல்லையாம். உள்ளூர்ப் பொடியன்களுக்கு ஹோட்டல் வேலை பிடிக்காது, பெட்டைகளை வீட்டார் அனுப்பமாட்டார்கள், பயிற்சி கொடுத்தால் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு டுபாய்க்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஆகவே நேபாளத்திலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆள் இறக்க அரசாங்கம் விசாவைத் தாராளமாக்க வேண்டும் என்பது கோரிக்கை.

இந்தப் பேச்சு முதலாளிமாரோடு நின்றிருந்தால் அதற்கு மறுப்பு எழுத வேண்டிய அவசியமில்லை. மலிவாக ஆள் தேடுவது முதலாளியின் இயல்பு. மட்டக்களப்பு நகரத்திலும் கல்லடியிலும் வாழைச்சேனையிலும் இருக்கிற படித்த மனிதர்கள், ஓய்வுபெற்ற அதிபர்மார், வங்கி உத்தியோகத்தர்கள் எல்லாம் "எங்கட பொடியன்களுக்கு வேலை செய்ய ஏலாதுதானே" என்று ஒத்து ஊதுவதுதான் கவலை. வந்தவனைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று நாடு முழுக்கப் பெயரெடுத்த மட்டக்களப்புக்கு, வந்தவனைக் கவனிக்க ஆள் இறக்குமதி செய்ய வேண்டுமாம்.

சோம்பேறிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பொருளாதாரம் சரிந்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். போனவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? கட்டாரில் ஹோட்டல் அறை துடைக்கிறார்கள், மாலைதீவில் சாப்பாட்டு மேசை பார்க்கிறார்கள், அபுதாபியில் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார்கள். பாசிக்குடாவில் செய்யமாட்டான் என்று சொல்லப்படுகிற அதே வேலையை, ஐம்பது பாகை வெயிலடிக்கும் ஊரில், குடும்பத்தை இரண்டு வருடம் பிரிந்திருந்து, புரியாத மொழியில் ஏச்சு வாங்கிக்கொண்டு செய்கிறான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எந்த வாய்க்கு உரிமை இருக்கிறது? நாட்டின் கணக்கையே பாருங்கள். 2024 இல் சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அதில் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 3.2 பில்லியன் டொலர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அதே வருடம் அனுப்பியது 6.5 பில்லியனுக்கும் மேல். விருந்தினரை வரவழைத்து நாடு சம்பாதிப்பதைவிட, பிறருடைய நாட்டில் உழைக்க ஆள் அனுப்பிச் சம்பாதிப்பது இரண்டு மடங்கு.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். கட்டாரில் 2021 மார்ச் முதல் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 றியால் என்று சட்டம். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் அதற்கு மேலும் 800 றியால். இலங்கைக் காசில் அந்த ஆயிரம் றியாலே 80,000 ரூபாவைத் தாண்டும். இலங்கையின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபா ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஹோட்டல்கள் இதைவிடக் கூடக் கொடுக்கின்றன, சேவிஸ் சார்ஜும் சேரும் என்பார்கள். சரி, சேரட்டும். அதன் பிறகும் இடைவெளி எவ்வளவு என்பதை வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாயும் விரல்விட்டுச் சொல்வாள்.

இங்கேதான் ஆள் இறக்கச் சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. காத்மண்டுவிலிருந்தோ சிட்டகொங்கிலிருந்தோ கிளம்புகிற ஓர் இளைஞனுக்கும் கட்டார் தெரியும், மலேசியா தெரியும். ஆயிரம் றியாலை விட்டுவிட்டு அவன் ஏன் பாசிக்குடாவுக்கு வர வேண்டும்? இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, நீங்கள் அவனுக்குக் கட்டார் அளவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், ஏஜென்சிக் காசு, தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். அவ்வளவு கொடுக்க முடியுமென்றால் அந்தக் காசைக் கல்குடாப் பொடியனுக்குக் கொடுங்கள். நாளைக்கே வாசலில் வரிசை நிற்கும். மற்றது, அவன் குறைந்த சம்பளத்துக்கு வருவான். கட்டாருக்கு ஏஜென்சிக்காரன் கேட்ட காசைப் புரட்ட முடியாதவனாக, வட்டிக்கு வாங்கிய கடனில் கழுத்துவரை நிற்கிறவனாக, வேறு வழி எல்லாம் அடைபட்டவனாக வருவான். வந்த பிறகு வேலை பிடிக்கவில்லை என்று பக்கத்து ஹோட்டலுக்குப் போக அவனால் முடியாது. அவன் இந்த நாட்டில் நிற்கும் உரிமையே உங்கள் கடிதத்தில் தொங்குகிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொன்னால் நிற்பான். சேவிஸ் சார்ஜ் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கமாட்டான். முதலாளிமார் தேடுவது ஆளையல்ல, கேள்வி கேட்காத ஆளை என்று நான் சொல்வது இதனால்தான். மூன்றாவது வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

சேவிஸ் சார்ஜ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிழக்குக் கரையில் பிரச்சினையின் முடிச்சு அதில் இருக்கிறது. விருந்தினரின் பில்லில் பத்து வீதம் சேர்த்து வாங்கி, மாத முடிவில் பணியாளருக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஹோட்டல் தொழிலாளியின் உண்மையான வருமானம் பெரும்பாலும் இதுதான்; அடிப்படைச் சம்பளம் ஒரு பெயருக்கு. ஹோட்டல் நிறைந்திருந்தால் நல்ல காசு. நிறையாவிட்டால்? பாசிக்குடாக் கடல் கச்சான் அடிக்கிற மாதங்களில் அலையில்லாமல் கிடக்கும். சித்திரை தொட்டு புரட்டாதி வரை சீசன். ஐப்பசியில் வாடை திரும்பினால் மழை. வாவி பெருகி, பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கச்சேரிக்கு அலையும் காலம் அது. வெள்ளைக்காரன் அப்போது ஹிக்கடுவைக்கும் மிரிஸ்ஸவுக்கும் போய்விடுவான். இங்கே அறைகள் பூட்டிக் கிடக்கும், பில் இல்லை, பத்து வீதமும் இல்லை. ஆறு மாதம் வயிறு நிறைந்து ஆறு மாதம் காயும் வேலையில் ஒருவன் வீடு கட்ட, பிள்ளை படிப்பிக்க, வங்கியில் கடனெடுக்க எப்படி முடியும்? பருவத்தின் நட்டத்தை முதலாளி சுமக்காமல் மேசை துடைக்கிறவனின் தோளில் ஏற்றிவிட்டு, அவன் தோளைக் கழற்றிக்கொண்டு போகும்போது விசுவாசம் இல்லாதவன் என்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் மட்டக்களப்பின் பருவமும் ஹோட்டலின் பருவமும் ஒன்றையொன்று தாங்கக்கூடியவை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை மழையோடு தொடங்கி மாசி பங்குனியில் அறுவடையாகும். நீர்ப்பாசனம் இல்லாத கண்டங்களில் அதன் பிறகு வயலில் வேலை கிடையாது. ஹோட்டலுக்கு ஆள் தேவைப்படுவது சரியாக அப்போதுதான். சித்திரையில் அழைப்போம், அடுத்த சித்திரையிலும் உன்னையே அழைப்போம், வாடைக் காலத்திலும் அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை பங்கு தருவோம் என்று எழுத்தில் கொடுக்கிற ஒரு ஹோட்டலுக்குக் கொக்கட்டிச்சோலையிலும் வவுணதீவிலும் வெல்லாவெளியிலும் ஆள் கிடைக்காதா? இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிற நேபாளப் பொடியனை வாடைக் காலத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? சும்மா வைத்துச் சம்பளம் கொடுப்பீர்களென்றால் அதை இந்த ஊரவனுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கமாட்டீர்களென்றால் ஊரும் உறவும் இல்லாத இடத்தில் அவன் கடனோடு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அடுத்தது பெண்கள். வீட்டார் விடமாட்டார்கள் என்பது பாதி உண்மை. மதுபானம் பரிமாறும் இடம், சீருடை, இரவு வேலை, ஊர் வாய் — தமிழ்க் குடும்பங்களிலும், காத்தான்குடி ஓட்டமாவடி முஸ்லிம் குடும்பங்களிலும் தயக்கம் இருக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இதே மாவட்டம்தான் முகம் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள், ரியாத்துக்கும் குவைத்துக்கும், தனியாகப் பெண்களை அனுப்பிய மாவட்டம். யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள் போனார்கள். நுண்கடன் கட்ட முடியாதவர்கள் போனார்கள். கௌரவம் பார்க்கிற குடும்பம் அங்கே எப்படி அனுப்பியது? கொடுத்த காசு தயக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். 2018 இல் சுற்றுலாத் துறை தனக்காக வகுத்த ஆளணித் திட்டமே, ஹோட்டல் பணியாளரில் பெண்கள் பத்து வீதம்கூட இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஜனத்தொகையில் பாதியைத் தொடாமல் விட்டுவிட்டு ஆள் தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

அவர்களை எடுக்க என்ன முயற்சி செய்தீர்கள்? பாசிக்குடா மட்டக்களப்பு நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு படுவான்கரைப் பிள்ளைகள் படகுப் பாதைக்குக் காத்து நிற்காமல் எழுவான்கரைக்கு வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு இராச் சாப்பாட்டு வேலை முடிகிற பெண்ணுக்கு எந்தப் பாலத்தில் எந்த பஸ்? எத்தனை ஹோட்டல்கள் வீடுவரை வான் விடுகின்றன? எத்தனையில் பெண்களுக்கென்று பூட்டுப் போட்ட தனி விடுதி உண்டு? வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தால் முதல் நாளே தங்குமிடம் கட்டிக் கொடுத்தாக வேண்டும். கடல் தாண்டி வருகிறவனுக்குக் கட்டத் தயாராக இருக்கும் அந்த விடுதியை, வாவி தாண்டி வருகிறவளுக்கு ஏன் கட்டவில்லை?

பயிற்சி கொடுத்தால் போய்விடுகிறார்கள் என்ற முறைப்பாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பயிற்சியின் பெரும்பங்கை ஹோட்டல்கள் கொடுக்கவில்லை. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் கொடுத்தன. அவுஸ்திரேலிய அரசின் உதவியில் 2016 இல் தொடங்கிய திறன் விருத்தித் திட்டம் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்களில் சுற்றுலாத் துறைக்காகவே வேலை செய்தது. பிறர் காசில் பழகிய பிள்ளையைக் குறைந்த சம்பளத்தில் பிடித்துவைக்க முடியவில்லையே என்று அழுவதற்குப் பெயர் ஆள் தட்டுப்பாடு இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் அடுப்படியில் நின்ற தலைமைச் சமையல்காரன், பெரிய ஹோட்டலை நடத்தத் தெரிந்த முகாமையாளர் — இப்படிப்பட்டவர்கள் 2022 க்குப் பிறகு கூட்டமாகப் போனார்கள். ஆறு மாத வகுப்பில் அவர்களை உருவாக்க முடியாது. யப்பானியச் சமையலுக்கு ஒரு யப்பானியரை வைத்திருப்பதில் யாருக்கும் வழக்கில்லை. நிபுணர்களுக்கு வதிவிட விசா வாங்க இன்றைக்கும் வழி இருக்கிறது. இப்போது கேட்கப்படுவது அதுவல்ல. படுக்கை விரிக்க, தோட்டம் கூட்ட, கோப்பை கழுவ ஆள் கேட்கிறார்கள்.

வேறு நாடுகள் செய்யவில்லையா என்பார்கள். செய்தன, விளைவையும் கண்டன. ரொறொன்ரோவில் உணவகச் சமையலறைகளில் நின்ற எங்கள் ஆட்களுக்குக் கனடாவின் கதை தெரியும். தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தை உணவகங்கள் உள்ளூராரைத் தள்ளிவிட்டுப் பயன்படுத்துகின்றன என்ற முறைப்பாடு எழுந்து, 2014 ஏப்ரலில் அமைச்சர் ஜேசன் கெனி உணவகத் துறைக்கு அதை இடைநிறுத்த வேண்டி வந்தது. பிறகு மறுபடி திறந்தார்கள். 2024 இல் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபோகாடா அந்தத் திட்டத்தை நவீன அடிமைத்தனத்தின் விளைநிலம் என்று எழுதினார். அதே வருடம் கனடா, வேலையில்லாதோர் ஆறு வீதமோ அதற்கு மேலோ உள்ள நகரங்களில் குறைந்த சம்பள வேலைக்கு இந்த அனுமதி கிடையாது என்று விதித்தது. கனடாவைப் போன்ற பணக்கார நாடே போட்ட வரம்பு அது. பக்கத்து மாலைதீவு, பதிவில்லாத தொழிலாளர் பெருகிப்போய், 2019 இல் பங்களாதேஷிலிருந்து சாதாரணத் தொழிலாளரை எடுப்பதையே நிறுத்திப் பார்த்தது. ஆள் இறக்குமதி ஒருமுறை தொடங்கினால் சம்பளம் அந்த மட்டத்திலேயே உறைந்துவிடும். பிறகு உள்ளூரவன் அந்த வேலைக்கு உண்மையாகவே வரமாட்டான். இன்று பொய்யாக இருக்கும் கூற்று பத்து வருடத்தில் மெய்யாகும்.

கனடாவுக்குப் போவானேன். தற்காலிகமாக ஆள் இறக்கும் பரிசோதனையை இந்தத் தீவு ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத் துரைமாரும் இதையேதான் சொன்னார்கள்: உள்ளூரவன் கூலிக்கு வரமாட்டான். கங்காணிமாரை அனுப்பித் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டினார்கள். கோப்பிப் பருவம் முடிந்தால் திரும்பிவிடுவார்கள் என்பது திட்டம். கடனில் பிணைத்தார்கள், விடுவிப்புத் துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாமல் வைத்தார்கள். கோப்பி போய்த் தேயிலை வந்தது, பருவ வேலை வருட வேலையானது, வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் லயத்திலேயே பிறந்தார்கள். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் மேசையில் உட்கார்ந்து 975,000 மனிதர்களை, இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். முழுதாகப் பிரஜாவுரிமை கொடுத்து முடிக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. நாட்டுக்குள் நிற்க வெளிநாட்டவர் யாருக்கு அனுமதி என்பதைத் தீர்மானிக்கும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அதே 1948 இல் வந்ததுதான். இன்றைக்கு ஹோட்டல் முதலாளிமார் கேட்கிற விசா அந்தச் சட்டத்தின் கீழ்தான் கொடுக்கப்படும். ஒரு முதலாளியோடு கட்டிப்போட்ட ஆளைக் கொண்டுவருவது எங்கே போய் முடியும் என்று தமிழ் வாசகனுக்கு நான் விளக்க வேண்டுமா?

மறுபக்கத்தையும் கிழக்கு அறியும். மூதூரிலிருந்து 2005 இல், பதினேழு வயதில், வயதை மாற்றி எழுதிய கடவுச்சீட்டோடு சவூதிக்குப் போன றிசானா நபீக் 2013 ஜனவரி 9 ஆம் திகதி தலை வெட்டிக் கொல்லப்பட்டாள். முதலாளி வீட்டுக்குள் அடைபட்ட தொழிலாளியின் நிலை என்னவென்று எங்களுக்கு அந்தப் பிள்ளை காட்டிவிட்டுப் போனாள். தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் கபாலா முறையை எதிர்த்து இத்தனை வருடமாக அறிக்கை விடுகிற நாங்கள், பாசிக்குடாவில் அதன் சின்னப் பதிப்பு ஒன்றைத் திறந்துவைக்கப் போகிறோமா? அழுத்தம் தாங்காமல் கட்டாரே 2020 இல் முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது.

இதை வெளிநாட்டான் வராதே என்ற கூச்சலாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நேபாளத்துப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவனும் எங்கள் பொடியனைப் போலக் குடும்பத்துக்காக ஊரைவிட்டவன். அவன் வந்தால் உள்ளூரவனுக்குரிய அதே சம்பளத்தோடு, அதே சேவிஸ் சார்ஜ் பங்கோடு, நாளைக்குப் பக்கத்து ஹோட்டலில் கூடக் கிடைத்தால் போகும் உரிமையோடு வரட்டும். அந்த நிபந்தனையைக் கேட்டவுடன் முதலாளிமாரின் ஆர்வம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். வாவியைச் சுற்றிக் கல்லடியிலும் நாவலடியிலும் நாலைந்து அறை வைத்துக் குடும்பமாக நடத்துகிறவர்கள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்து நான் கேள்விப்படவில்லை. கேட்பதெல்லாம் 2011 தொட்டுப் பாசிக்குடாவில் எழுந்த பெரிய ஹோட்டல்களின் பக்கம். அந்தக் கரையை அவற்றுக்குக் கொடுத்தபோது மீனவர் வள்ளம் இழுக்கும் இடம் சுருங்கியது. பதிலுக்கு உங்கள் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்றார்கள். கரை போய்விட்டது. வேலையையும் இப்போது வெளியாருக்குக் கேட்கிறார்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் உட்காரும் அரசியல்வாதிகளுக்கும் அரசாங்க அதிபருக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் இல்லை என்று எந்த ஹோட்டல் எழுதிக் கொடுத்தாலும், கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலையும் சேவிஸ் சார்ஜ் பிரித்த கணக்கையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து வாங்குங்கள். அந்த வெற்றிடங்களைத் தமிழில், சம்பளத் தொகையோடு, எல்லாப் பிரதேச செயலகங்களிலும் மூன்று மாதம் ஒட்டச் சொல்லுங்கள். வாடைக் காலத்தில் என்ன தருவீர்கள், பெண்களுக்குத் தங்குமிடம் எங்கே, இரவில் வான் உண்டா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் எடுங்கள். இவ்வளவும் செய்து ஆள் வராத ஹோட்டல் ஒன்று மட்டக்களப்பில் இருந்தால், அதற்கு மட்டும் விசாவைப் பற்றிப் பேசலாம். கணக்கைக் காட்ட மறுக்கிற ஹோட்டலுக்கு ஒரு விசாகூடக் கொடுக்கக் கூடாது.